அப்புறம் படிச்சுக்கலாம்

இணையத்தில் ஒரு நல்ல கட்டுரை கண்ணில் படுகிறது. படிக்க நேரமில்லை. 'அப்புறம் படிச்சுக்கலாம்' என்று ஒரு க்ளிக். புக்மார்க் ஆகிவிட்டது. படித்தே முடித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி!

அந்த 'அப்புறம்' என்றைக்கு வரும்?

ஜோஷுவா ஷாக்டர் என்றொரு அமெரிக்கர். பிடித்த வலை முகவரிகளை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் சேர்த்துக்கொண்டே வந்தார். பட்டியல் அனுமார் வால் மாதிரி நீண்டது. தேடினால் எதுவும் அகப்படவில்லை. ஒவ்வொரு முகவரிக்குப் பக்கத்திலும் அது எதைப் பற்றியது என்று ஒரு சொல் எழுத ஆரம்பித்தார். தனக்காகச் செய்துகொண்ட அந்த ஏற்பாடுதான் 2003-ல் 'டெலிஷியஸ்' என்ற தளமாக வளர்ந்தது. 2005-ல் யாஹூ வாங்கியது. பிறகு பல கை மாறி, 2017-ல் புதிதாக எதையும் சேமிக்க முடியாது என்ற நிலைக்கு வந்தது. 2007-ல் 'ரீட் இட் லேட்டர்' வந்தது. பெயரே 'அப்புறம் படி'தான்! பின்னாளில் 'பாக்கெட்' என்று பெயர் மாறிய அந்தச் சேவையும் 2025 ஜூலையில் மூடப்பட்டது.

அதனால்தான் சிலர் சொந்தமாகவே ஒரு கருவி செய்துகொள்கிறார்கள். பெரிய வித்தையெல்லாம் இல்லை. முகவரி, தலைப்பு, தேதி, வகை என்று நான்கு கட்டங்கள். ஒரு எக்ஸெல் ஷீட் போதும்.

நீங்களும் செய்வதாக இருந்தால், ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுங்கள். 'எதுக்கு?'

இதை நிரப்பாமல் எதையும் சேமிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம், சேமித்த கட்டுரையை நாம் சொத்துக் கணக்கில் எழுதுகிறோம். உண்மையில் அது கடன். 500 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் என்றால் 5,000 நிமிடம். தினம் அரை மணி நேரம் படித்தாலும் ஐந்தரை மாதம் ஆகும். கடன் கொடுத்தவர் யார்? நாளைய நீங்கள். அவர் வாசலில் வந்து நின்று கேட்க மாட்டார். கேட்க ஆளில்லை என்பதற்காக ஒரு வாக்கை இஷ்டத்துக்குக் கொடுக்கலாமா?

'பாட்டி பரணில் பாத்திரம் சேர்த்து வைக்கலையா?' என்பீர்கள். வைத்தார். ஆனால் எந்த அண்டா எந்த விசேஷத்துக்கு இறங்கும் என்று அவருக்குத் தெரியும். தவிர, பித்தளை ஆவியாகிப் போகாது. வலைப்பக்கம் போகும். 2013-ல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம், பத்தே வருடத்தில் காணாமல் போய்விட்டதாக 2024-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் சொன்னது.

இன்றைக்கு ராத்திரி உங்கள் பட்டியலில் பத்தே பத்தை எடுத்து, 'எதுக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையா, தயங்காமல் அழித்துவிடுங்கள்.

பதில் இருக்கிறதா? இப்பவே படிச்சிடுங்களேன்!