குடிபெயர வேண்டியவர் யார்?

வளர் இளம் பருவத்துப் பிள்ளையொருவன் பள்ளியில் இடைவிடாது துன்புறுத்தப்படுகிறான் என்று அறியும்போது, நாம் பெரும்பாலும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள், முடிந்தால் வேறு ஊருக்கே போய்விடுங்கள்." பிள்ளையின் மீதுள்ள அன்பிலிருந்துதான் இச்சொல் பிறக்கிறது. ஆயினும் இதனுள் ஓர் அறக்கேள்வி மறைந்திருக்கிறது. துன்பம் செய்தவர் இருந்த இடத்திலேயே இருக்க, துன்பப்பட்டவர் மூட்டை கட்டுவது நீதியாகுமா?

நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவன் ஒருவனைச் சக மாணவர் சிலர் ஏவல் வேலை வாங்கினர், இழிவுபடுத்தினர். அவன் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினான். காரணம் கேட்கப்பட்டபோது உண்மையைச் சொன்னான். அதற்குப் பழியாக, இரவில் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். நெடுநாள் சிகிச்சைக்குப் பின் அக்குடும்பம் சொந்த ஊரை விட்டுத் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தது. காயம்பட்ட கைகளால் எழுத இயலாமல், தான் சொல்லப் பிறர் எழுதத் தேர்வை முடித்த அம்மாணவன் 2024-இல் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றான். நாடே பாராட்டியது. அவனுடைய மனவுறுதியைப் போற்றிய நாம், உண்மை பேசியவன் ஏன் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்?

சிற்றூர்களில் பிள்ளைகள் வகுப்பறைக்குள் தனியே வருவதில்லை. தெருவும் குலமும் தந்தையின் தொழிலும் உடன் வருகின்றன. புதிதாக வந்த பிள்ளையிடம் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது, "நீ எந்தத் தெரு?" என்பதே. குடும்பம் சிதைந்தோ, பிழைப்புத் தேடியோ வந்த பிள்ளைக்கு அக்கேள்வி ஒரு கத்தியைப் போன்றது. சொன்னாலும் தீங்கு, சொல்லாவிட்டாலும் தீங்கு.

இக்கேள்விக்கு நம் பசுமலையின் பழைய வரலாறு வேறொரு விடை தருகிறது. திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனாரின் கல்விக்கூடம் 1845-இல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஈராண்டில், சாதி வேற்றுமை பாராமல் அனைவரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று மிஷனார் உறுதியாக நின்றபோது, மறுத்த மாணவர் பலர் வெளியேறினர். எண்ணிக்கை குறையுமே என்று எளியவரை வேறு பந்திக்கு அனுப்பி அமைதி தேடியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கத்தோலிக்கராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. வடக்கன்குளம் ஆலயத்தில் மக்களைச் சாதியால் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அங்கே வெளியேற வேண்டியிருந்தது மனிதரல்லர், சுவரே.

அப்படியானால் துன்புறுத்தும் பிள்ளைகளை விரட்டிவிட்டால் போதுமா? போதாது. நாங்குநேரியில் அரிவாள் எடுத்தவர்களும் சிறுவர்களே. அவர்கள் வெறுப்புடன் பிறந்தவர்களல்லர். திண்ணையிலும் திருவிழாவிலும் பெரியவர்கள் பேசக் கேட்டதையே அவர்கள் வகுப்பறையில் செய்து பார்த்தார்கள். செய்த குற்றத்திற்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் கற்றுக்கொடுத்தவர் தப்பிவிடலாகாது. இச்சம்பவத்திற்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்கவும், மாணவர் வண்ணக் கயிறுகள் கட்டுவதைத் தடுக்கவும் பரிந்துரைத்தது. பிள்ளையின் மணிக்கட்டில் கயிறு கட்டப்பட்டதைக் கண்டு பெருமைப்பட்ட வீடுகள் எத்தனை!

பெருங்கொடுமை ஒரே நாளில் நிகழ்வதில்லை. கேலியில் தொடங்கி, ஏவலில் வளர்ந்து, அச்சுறுத்தலாக முற்றும் வரை அதைப் பார்த்து நிற்போர் பலர். அவர்களுடைய மௌனமே கொடியவனுக்குத் துணிவு தருகிறது. ஆகவே நம் பிள்ளைகளிடம், "உன்னை யாராவது அடித்தார்களா?" என்று மட்டும் கேட்டு நிறைவடைதல் தகாது. "புதிதாக வந்த பிள்ளை யாருடன் உண்கிறான்? நீ அவன் அருகில் அமர்ந்தாயா?" என்றும் கேட்போம். அவன் இன்னோர் ஊர் தேடிப் போகாதிருக்க, ஒருவேளை அந்த ஓர் இருக்கையே போதுமானதாகலாம்.