கண்டம்

ஓடி ஓய்ந்த பஸ்ஸை ஓரங்கட்டினால் 'கண்டம் ஆயிடுச்சு' என்பார்கள். 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல், எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் ஜாதகக் கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. வண்டிக்கே ஆயுள் முடிந்த மாதிரிதான் காதில் விழும். அதன் வேர் லத்தீனில் 'தம்னும்', அதாவது இழப்பு, அபராதம். 'டேமேஜ்' அதன் பிள்ளை. நரகத்துக்குப் போ என்று திட்டுகிற 'டாம்' இன்னொரு பிள்ளை. குற்றவாளிக்கு நீதிபதியும் பாவிக்குப் பாதிரியாரும் சொன்னதைத்தான் பணிமனையில் பஸ்ஸுக்கும் சொல்கிறோம்.

நான் ஒரு பட்டறையில் வார்ப்புகளைச் சோதித்தவன். கேஜ் நுழையாவிட்டாலோ, ப்ளோ ஹோல் தெரிந்தாலோ சிவப்பு பெயின்ட். கடைந்து சரியாக்க முடிந்தால் ரீவொர்க். இல்லையென்றால் உலைக்குத் திரும்பி, உருகி, மறுபடி அச்சில் இறங்கும். நித்திய நரகம் போன இரும்பை நான் பார்த்ததில்லை. சைவ சித்தாந்தம் ஆணவத்தைச் செம்பில் களிம்பு என்கிறது. களிம்பு செம்போடு கூடவே இருப்பது. அதற்காகக் களிம்பே செம்பாகிவிடாது. குறை பொருளில் இருக்கிறது, கண்டமோ கையெழுத்துப் போடுகிறவர் பேனாவில்.

"விரிசல் விட்ட பிரேக் டிரம்முக்கும் இதே வேதாந்தமா?" என்று கேட்பார் என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் அண்ணன். நியாயமான கேள்வி. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் உயிர் அதில் தொங்குகிறது, அங்கே கருணைக்கு இடமில்லை. ஆனால் அப்போதும் நான் அதை விலக்குவது பிரேக் வேலையிலிருந்துதான், உலையிலிருந்து அல்ல.

கழிக்க வேண்டிய சரக்குக்கும் எங்கள் பக்கம் பெரிய வேலை கிடைத்ததுண்டு. ராயபுரத்துக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் இயேசுவின் சீடர் ராயப்பர், சேவல் கூவுமுன் மும்முறை தன் குருவைத் தெரியாது என்றவர். திருச்சபையின் சாவி அவரிடம்தான். ஒற்றியூர்க் கடலோரம் சமாதி கொண்ட பட்டினத்தாரைத் துறவியாக்கியது காதற்ற ஓர் ஊசி என்பது கதை. தையற்காரர் தூக்கிப் போடும் சரக்கு!

எனக்குப் பிடித்தது தேவாரம் பாடிய சுந்தரர் கேஸ். மணக்கப்போகும் சங்கிலியாரைப் பிரியேன் என்று ஒற்றியூரில் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் தன்னைக் கட்டிப்போடாமலிருக்க, அந்த நேரம் கருவறையை விட்டு மகிழடியில் போய் இரும் என்று சிவனிடமே பேசி வைக்கிறார். சிவனும் சரியென்றுவிட்டு, மகிழடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு ஆரூர் நினைப்பு வந்து சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போயிற்று. திரும்பக் கிடைத்ததும் ஒரே தவணையில் இல்லை: வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மற்றொன்று. சுத்தமான ரீவொர்க்.

எங்கள் ரீவொர்க் சீட்டில் குறை என்ன, செய்தவர் யார், சோதித்தவர் யார் என்று கட்டங்கள் இருக்கும். சுந்தரர் சீட்டில் சோதித்தவர் கட்டத்தில் வரும் பெயர், மகிழடியில் போய் இருக்க ஒப்புக்கொண்டவருடையது. தானும் கூட்டு என்பதால்தான் கண்டம் என்று எழுத அவருக்குக் கை வரவில்லையோ என்னவோ.