மருந்தும் உயிர்க்கடனும்

மேட்டுப்பாளையத்தினின்றும் மலைவழி ஏறிச் செல்வார்க்குக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் காணப்படும். 1907-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிலையம் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்து தென்னாட்டு மக்கள் பலருடைய உயிரைப் புரந்தது. அவ்வகை மருந்தால் உயிர் பிழைத்தோருள் இக்கட்டுரை எழுதும் யானும் ஒருவன்.

யான் பத்து வயதுச் சிறுவனாயிருந்தபோது தெருநாயொன்று காலிற் கடித்தது. நான்காம் நாள் அந்நாய் இறந்தது. என் தந்தையார் என்னை மிதிவண்டியில் வைத்து நாள்தோறும் அரசினர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, வயிற்றில் பதினான்கு ஊசி இடுவித்தார். பின்னர் மடத்தில் பாடங்கேட்ட நாளில், அம்மருந்து ஆட்டின் மூளையினின்றும் ஆக்கப்படுவது என அறிந்தேன். 1911-ல் செம்பிள் என்னும் மருத்துவர் வகுத்த முறை அது. ஆட்டின் மூளையுள் நோய்நச்சைச் செலுத்தி, நோய் முற்றியபின் அதனைக் கொன்று, மூளையை அரைத்துக் கார்பாலிக் அமிலத்தால் நச்சை அவிப்பர். புலால் தீண்டாக் குடியிற் பிறந்தேன். ஆயினும் என் உடம்பு ஆட்டின் உயிரால் நிற்கின்றது. அன்றிரவு எனக்கு உணவு செல்லவில்லை. மருந்தின்பொருட்டு விலங்கை வருத்தல் தகுமோ, தகாதெனின் மனிதரை ஆய்வுக்கு உட்படுத்தல் தகுமோ என்னும் வினா அன்றுதொட்டு என்னை விட்டகலவில்லை.

நம் சித்தாந்தம் பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும். பசு என்னுஞ் சொல் உயிரனைத்துக்கும் பொது. மனிதவுயிர், ஆட்டுயிர் என உயிரில் வேறு சாதியில்லை; வினைக்கீடாக எடுத்த உடம்பே வேறு. அறிவு விளக்கம் மிக்கும் குறைந்தும் நிற்பினும், துன்பம் நுகர்தல் இரண்டற்கும் ஒக்கும்.

அற்றேல், எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதங்களுள் மானிடப்பிறவி அரிதாகலின், அதனைக் காத்தற்கு ஏனை உயிரை அழித்தல் இழுக்காகாது எனின், அது பொருந்தாது. மானிடப்பிறவி அரிதாயது அறமும் அருளும் அறிந்து பதியை வழிபடுதற்கே, பிறவுயிரை நுகர்தற்கன்று. திருவாரூரில் ஒரு கன்றின்பொருட்டுத் தம் மைந்தனைத் தேர்க்காலில் இட்ட சோழர், மேற்பிறப்பென்னும் நியாயத்தைத் தேடினாரல்லர்.

இனி, விலங்கை விடுத்து மனிதரையே ஆய்க என்பாரும் உளர். 1947-ல் நூரெம்பர்க் நகரத்து நீதிமன்றம், செருமானியச் சிறைமுகாம்களில் மருத்துவர் இழைத்த கொடுமைகளை விசாரித்துப் பத்து நெறிகளை வகுத்தது. தானே உளமொப்பாத எவர்மீதும் ஆய்வு நிகழ்த்தலாகாது என்பது முதல் நெறி. விலங்குகளில் முன்னர் ஆய்ந்த அறிவின்மேல் அவ்வாய்வு அமைதல் வேண்டும் என்பது பிறிதொன்று. மனிதரைக் காக்க எழுந்த நெறியும் விலங்கின் துன்பத்தின்மேலே நிற்றல் காண்க.

அம்முதல் நெறியும் நம் நாட்டிற் பிழைத்ததுண்டு. 2009-ல் ஆந்திர நாட்டுக் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டமொன்றில், சிறுமியர் பலர்க்காகப் பெற்றோரன்றி விடுதிக் காப்பாளரே ஒப்பமிட்டனர் எனப் பின்னர் நாடாளுமன்றக் குழு கண்டித்தது. அவ்வூசி தீதென்பது என் கருத்தன்று. கேளாது இட்டமையே தீது. அச்சிறுமியர் ஆட்டின் நிலையில் நிறுத்தப்பட்டனர் என்க.

இவ்விடத்துக் கண்ணப்பரை நினைக. விலங்கு வேட்டையே தொழிலாக உடைய அவர், இறைவன் கண்ணிற் குருதி பெருகக் கண்டபோது முதலிற் பச்சிலை தேடினார். அது பயன்படாதவழித் தசைக்குத் தசையே மருந்தென்னும் பழமொழியை நினைந்தார். நினைந்தவர் வில்லெடுத்து ஒரு மானின் கண்ணை நாடினாரல்லர். தம் கண்ணையே அகழ்ந்து அப்பினார். தானே மனமொப்பித் தன் உடம்பை ஆய்வுக்குத் தருவோன் செய்வது கொடை. ஒப்பாதானிடத்து எடுப்பது களவு. ஆட்டினிடத்தில் நாம் எடுத்ததும் அத்தகையதே.

அங்ஙனமாயின் என் தந்தையார் பிழை செய்தாரோ? மகன் மாளக் கண்டிருத்தல் அறமென்று கூற என் நா எழவில்லை. வேறு வழியில்லாதவழி எடுத்தது உரிமையாகாது, கடனாகும். கடன்பட்டார் அதனைக் குறைத்தற்கு வழிதேடல் வேண்டும்.

ஈண்டு நாம் தவறினோம். உயிரணு வளர்ப்பால் ஆக்கிய மருந்து மேல்நாடுகளில் 1970-க்குப் பின் வழங்கலாயிற்று. பொருளுடையார் நம் நாட்டிலும் அதனை வாங்கினர். ஏழைகட்கோ, விலை கருதி, 2004 வரை ஆட்டுமூளை மருந்தே இலவசமாக இடப்பட்டது. அதனாற் சிலர்க்கு வாதநோயும் நேர்வதுண்டு. அந்நாட்களில் ஆடு மாண்டது தேவைக்கன்று, மலிவுக்கு. ஆட்டைப் பொருட்படுத்தாத நெஞ்சம் ஏழையையும் பொருட்படுத்தவில்லை.

குன்னூரிலும் பின்னர் உயிரணு வளர்ப்பு முறையே மேற்கொள்ளப்பட்டது. அதற்குரிய உயிரணு 1962-ல் ஜப்பானில் ஒரு குரங்கின் சிறுநீரகத்தினின்றும் எடுக்கப்பட்டு, இன்றும் பெருகி வருவது. 2023-ல் நம் அரசினர் புதுமருந்து விதிகளைத் திருத்தி, விலங்கல்லாத ஆய்வு முறைகளையும் ஏற்றனர். வழி உண்டாயபின் பழவழியிற் செல்லுதல் கொலையே.

யான் செய்யக்கூடுவது சிறிது. ஆண்டுதோறும் எங்கள் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி இடுவிக்கின்றேன். நாயும் அந்நோயால் வருந்தியே கடிக்கின்றது. நாயைக் காப்பின் சிறுவனும் காக்கப்படுவான். அன்பர்களும் தத்தம் ஊரில் இதனைச் செய்வாராக. பெயரறியா அந்த ஆட்டுக்கு யான் பட்ட கடன் இதனால் தீராது, வட்டியேனும் செலுத்துவேன்.

திருச்சிற்றம்பலம்.