ஏலாமையும் பஞ்சியும்

ஈழத்துப் பேச்சுத் தமிழில் 'ஏலாது' என்றொரு சொல் வழங்குகிறது. 'இந்த மூட்டையைத் தூக்க ஏலாது' என்றால் அது இயலாமை. 'அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு' என்றால் அது நோய். இயலாமையையும் நோயையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் மக்கள், அதற்கு அருகிலேயே 'பஞ்சி' என்ற மற்றொரு சொல்லையும் வைத்திருக்கிறார்கள். உடலில் வலுவிருந்தும் வேலைக்கு மனம் வராதவனைப் 'பஞ்சி பிடித்தவன்' என்கிறோம். முன்னையவனுக்கு இரக்கம் கிடைக்கிறது. பின்னையவனுக்கு ஏச்சுக் கிடைக்கிறது. களைத்துப்போய்த் திண்ணையிலே சாய்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்து, இது ஏலாமையா பஞ்சியா என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் யாருக்குரியது? உழைப்பின் மேன்மையைப் பேசியும் எழுதியும் வளர்ந்த நம்மைப் போன்றோர் எளிதில் கடந்துவிட முடியாத கேள்வி இது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஏதோவொரு கிராமத்தில், நாற்பதை அண்மித்த ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவள் ஒருத்தியல்லள்; முள்ளியவளையிலும் ஒட்டுசுட்டானிலும் புதுக்குடியிருப்பிலும் இருக்கக்கூடியவள். 2009 மே மாதம் வரை நடந்த போரில் கணவனை இழந்தவள். முகாமிலிருந்து திரும்பிவந்து, பற்றைக் காடாகிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கிக் குடிசை போட்டவள். கச்சான் காணிகளில் கூலிக்குப் புல் பிடுங்கிப் பிள்ளைகளைப் படிப்பிப்பவள். அவளுக்குத் தைரொயிட்டுச் சுரப்பி குறைவாகச் சுரக்கிறது என்று வைத்தியசாலையிலே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாள். களைப்போ போகவில்லை. விடியற்காலையில் எழும்பும்போதே, முதல் நாள் முழுவதும் நெல் மூட்டை சுமந்தவள்போல உடல் கனக்கிறது. அயலார் சொல்வது என்ன? 'மருந்தும் எடுக்கிறாள், பிறகென்ன? பஞ்சிதான்.'

இந்நோயின் வரலாறே ஒருவகையில் பெண்களின் சொல்லை நம்ப மறுத்த வரலாறுதான். 1873 இல் லண்டனில் வில்லியம் கல் என்ற வைத்தியர், வயது வந்த பெண்களிடம் உடலும் மனமும் மந்தமாகி முகம் ஊதிப்போகும் ஒரு நிலையை விவரித்தார். அது புதிதாகத் தோன்றிய நோயல்ல. அதற்குமுன் அது நோயாகக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். 1891 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மரே என்பவர் ஆட்டின் தைரொயிட்டுச் சாற்றை நாற்பத்தாறு வயதுப் பெண்ணொருத்திக்கு ஊசிமூலம் ஏற்றினார். மந்தமாகிக் கிடந்தவள் தேறினாள். 1919 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தாள். அக்காலத்தில் அவளுக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டனவாம்! 1914 இல் அமெரிக்காவில் கென்டல் தைரொக்சினைப் பிரித்தெடுத்தார். 1927 இல் இங்கிலாந்தில் அதைச் செயற்கையாக ஆக்கினார்கள். உடலே தன் சுரப்பியைத் தாக்கும் வகையை 1912 இல் விவரித்தவர் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர். சோம்பேறி என்று ஒதுக்கப்பட்ட எத்தனை மருமகள்மார், எத்தனை வேலைக்காரிகள், உண்மையில் ஒரு துளி சுரப்பின்றித் தவித்தவர்கள் என்பதை இனி எவராலும் எண்ணிக் கணக்கிட முடியாது.

மாத்திரை மலிவானது, நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகத் தரப்படுவது. இது மக்கள் போராடிப் பெற்ற பேறுகளில் ஒன்று. அதைக் குறைத்துப் பேச நாம் ஒருப்படோம். ஆனால் மாத்திரை கையில் கிடைப்பது வேறு, அது உடலிலே சேர்வது வேறு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், எதுவும் உண்ணலாகாது, தேநீரும் குடிக்கலாகாது. இரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் கல்சிய மாத்திரையும் இதைக் குடலிலே தடுத்துவிடுமாதலால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கிளினிக்கில் ஒரே பையிலே போட்டுக் கொடுத்த மாத்திரைகளை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, ஒரு பிளேன்ரீயையும் குடித்துக்கொண்டு காணிக்கு ஓடுகிறவளிடம் இதையெல்லாம் யார் உட்காரவைத்துச் சொன்னார்கள்? நூறு பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் வைத்தியருக்கு அதற்கு நேரமுண்டா? அளவை மாற்றினால், அதன் பலனைச் சரியாக அறிய ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து மீண்டும் இரத்தம் பார்க்கவேண்டும். கிளினிக் நாள் கூலியில்லாத நாள். 2022 இன் நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, வெளியே பாமசியில் வாங்கச் சொன்ன துண்டுகளோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதையும் நாடு அறியும். பாடசாலை ஆசிரியைக்கு இதே நோய் வந்தால் அவளுக்குச் சுகவீன விடுமுறை உண்டு. கூலிப் பெண்ணுக்கு உண்டா? உப்பைக் கூட்டினால் தீரும் என்று அயலார் சொல்லும் வைத்தியமும் இங்கே உதவாது. அயடீன் கலந்த உப்பு 1995 முதல் நம் நாட்டில் கட்டாயம். அது தடுப்பது வேறு வகை, தன் சுரப்பியைத் தானே தாக்கும் உடலை அது திருத்தாது.

இவையெல்லாம் சரியாக நடந்தபின்னும் களைப்பு நீடிப்பதுண்டு என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 'ரீ.எஸ்.எச்.' என்று கிளினிக் கொப்பியில் எழுதப்படும் எண், கபச் சுரப்பி தைரொயிட்டை எவ்வளவு விரட்டுகிறது என்பதைக் காட்டும் எண். அது சிகிச்சைக்கு இன்றியமையாதது. ஆனால் அது களைப்பை அளக்கும் தராசன்று. சிகிச்சை பெற்று அந்த எண் சீரானவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்வரை களைப்போ மந்தமோ தொடர்வதாகக் கூறுகிறார்கள் என்று மருத்துவ நூல்கள் ஒப்புக்கொள்கின்றன. இரத்தசோகை, விற்றமின் குறைவு, நித்திரைக் குழப்பம், ஆறாத துயரம் முதலியவற்றைத் தேடிப் பார்க்கவேண்டும். தேடியும் காரணம் அகப்படாமற் போவதுண்டு. அப்போது 'ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, உனக்கு ஒன்றுமில்லை' என்கிறார்கள். காகிதம் சரியென்பதால் மனிதர் பொய்யென்றாகுமா? தன் களைப்பைப் பற்றிய முதற் சாட்சி அவள்தான். அவள் தவறக்கூடும். ஆனால் சாட்சியை விசாரிக்காமலே தள்ளிவிடுவது நியாயமன்று.

இங்கே நம் பக்கத்தவரும் ஒரு தவறான வழியிற் செல்லக்கூடும். 'சுரப்பியாவது மண்ணாவது! போரும் வறுமையும் கடனும் தந்த களைப்பு இது. சமுதாயம் மாறினால் போய்விடும்' என்று சொல்ல நமக்கு நா துடிக்கிறது. 1863 இல் லண்டனில் மேரி ஆன் வோக்லி என்ற இருபது வயதுத் தையற்காரி, இருபத்தாறரை மணி நேரம் ஓய்வின்றித் தைத்தபின் நோயுற்று இறந்தாள். வைத்தியர் நெடுநேர வேலையையும் காற்றோட்டமில்லாத அறையையும் காரணமாகச் சொன்னார். விசாரணைச் சபையோ மூளை வாதம் என்று முடிவுசெய்து, மிகைவேலை அதை விரைவுபடுத்தியிருக்கலாம் என்று மட்டும் சேர்த்துக்கொண்டது. 'மூலதன'த்திலே மார்க்ஸ் இதை எடுத்துக்காட்டியது சமுதாயக் காரணத்தை மறைக்கும் மருத்துவப் பெயரைத் தோலுரிக்கவே. அது மிகச் சரி. ஆனால் அதைத் தலைகீழாக்கி, சமுதாயத்தின் பெயரால் சுரப்பியை மறைப்பதும் அதே குற்றத்தின் மறுபுறமல்லவா? மாத்திரையை விட்டவளுக்குப் புரட்சி வரும்வரை இதயம் காத்திராது. போர்தான் இந்நோயைத் தந்தது என்று முழங்குவது அறிவியலும் ஆகாது. நோய் அவளுடைய உடலில் இருக்கிறது. நோயோடு எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கவேண்டும் என்பதைத்தான் சமுதாயம் தீர்மானிக்கிறது.

வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நம் பாடசாலைச் சுவர்களுக்கு அது மிகவும் பிடித்தமானது. அவரே மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் நோயுற்றவனையும் ஒன்றாக எண்ணினார் என்பதை மட்டும் நாம் மாணவருக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். மாணவி ஒருத்தி வகுப்பிலே தூங்கிவிழுந்தால் முதலதிகாரம்தான் நம் நாவில் வருகிறது.

உழைப்பே மனிதனின் பெருமை என்பது உழைக்காமல் உண்போருக்கு எதிராக எழுந்த முழக்கம். அந்த ஆயுதம் களைத்தவளின் மீது திரும்பும்போது அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்க்கவேண்டும். 1875 இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, உழைப்பின் அளவுக்கேற்பக் கூலி என்னும் நீதியையும் மார்க்ஸ் குறையுள்ள நீதியென்றே காட்டினார்: ஒருவர் மற்றவரைவிட உடலாலோ அறிவாலோ வலியவர், ஒரே அளவுகோலைச் சமமற்றவர்மேல் வைத்தால் விளைவது சமமின்மையே. படிக்கும்போது நமக்கு இது தெளிவாகத்தான் இருக்கிறது.

கச்சான் காணியில் ஆறு பெண்கள் நிரை பிடித்துப் புல் பிடுங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐவரும் நிரை முடித்து வரம்பிலே நிற்கிறார்கள். நம்மவள் பாதியில் குந்தியிருக்கிறாள். காணிக்காரர் அரைநாட் கூலிதான் என்கிறார். ஐவரும் திரும்பிச் சென்று அவளுடைய மீதியைப் பிடுங்கினால் முழுக் கூலி கிடைக்கும். ஆனால் அப்போது ஏழைகளே ஏழையைச் சுமக்கிறார்கள், காணிக்காரருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. பிடுங்காமல் விட்டால் மறுமுறை அவளை அழைக்கமாட்டார்கள். நாள்தோறும் பிடுங்கினால், அவள் உண்மையாகவே களைத்தவளா என்ற ஐயம் ஐவரில் ஒருத்திக்காவது எழாமலிராது; அவர்களும் களைத்தவர்களே. அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரமிருக்கிறது. அதுவரை அந்த அரை நிரை யாருடைய பொறுப்பு என்று கூலிச் சங்கமோ, மாதர் சங்கமோ, கூட்டுறவுச் சங்கமோ கூடிப் பேசும் நாளில், கூட்டத்தை அவளும் வந்து உட்காரக்கூடிய நேரத்தில், மாலையில் அல்லாமல் காலையில் வைக்கவேண்டும். மாலையில் அவளுக்கு ஏலாது.