கண்ணாடித் தொட்டியும் கருணையும்

உயிர்க்கொலை நீக்குதல் முதற்சீலம் என்பதை நாமனைவரும் அறிவோம், நாள்தோறும் ஓதுகின்றோம். ஓதுவது எளிது. ஓதியதை வீட்டின் கூடத்தில் நிறுத்திச் சோதித்துப் பார்ப்பது அத்துணை எளிதன்று. இன்று நம்மில் பலருடைய கூடங்களில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கின்றது. அதனுள் நாலைந்து மீன்கள் நீந்துகின்றன. குழந்தைகள் கண்டு களிக்கின்றனர். வேலை முடிந்து வந்தவர் அதன் எதிரே அமர்ந்து களைப்பாறுகின்றார். அங்கே கொலையில்லை, குருதியில்லை. எனினும், ஓர் உயிரை நம் கண்ணின்பத்திற்காக நான்கு சுவர்களுக்குள் வைத்திருத்தல் தம்மத்திற்கு ஒக்குமா என்னும் வினா எழத்தான் செய்கின்றது.

இவ்வினாவிற்கு இருவகை விடை கூறப்படுவதைக் கேட்டிருக்கின்றோம். "அடைத்து வைத்தல் எதுவாயினும் சிறையே; மீனை ஏரியில் விட்டுவிடுவதே புண்ணியம்" என்பர் ஒரு சாரார். "பகையில்லை, பஞ்சமில்லை, வேளைக்கு இரை கிடைக்கின்றது, ஆற்றினும் இங்கு அது நலமாகவே வாழ்கின்றது" என்பர் மற்றொரு சாரார். இரண்டு விடைகளும் மனிதனுடைய மனம் ஆறுதலடையும் வழியைக் கூறுகின்றன. மீனுக்கு வேண்டியது யாது என்று இரண்டும் கேட்கவில்லை. கருணையின் முதல் வேலை அந்தக் கேள்வியைக் கேட்பதே என்பது என் துணிபு.

பொன்மீனின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீன நாட்டில், சாம்பல் நிறமுள்ள ஒரு கெண்டையினத்தில் அரிதாகப் பொன்னிறத்தோடு பிறந்த மீன்களைப் பௌத்தர்கள் உண்ணாது, அருட்குளங்களில் விட்டுக் காத்தனர். பிற்காலத்தில் செல்வர்கள் தம் தோட்டக் குளங்களிலும், அதன்பின் பெருங்கலங்களிலும் அவற்றை வளர்த்தனர். பதினேழாம் நூற்றாண்டில் அம்மீன் ஐரோப்பா சென்றது. 1853-இல் இலண்டன் உயிரியற் பூங்காவில் பொதுமக்களுக்கென மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்பார் எழுதிய நூலால் வீடுதோறும் கண்ணாடித் தொட்டி வைக்கும் ஆர்வம் பரவியது. அருளால் உயிர்பிழைத்த மீன் இவ்வாறு மேசைமேல் வைக்கும் உருண்டைக் குடுவைக்குள் வந்து சேர்ந்தது!

அக்குடுவையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பொன்மீன் நன்கு வளர்ந்தால் ஒரு சாணை எட்டும். அதற்கு மேலும் வளரும். பேணுவார் பேணினால் பத்தாண்டுக்கு மேல் வாழும். அதனைக் கையளவு நீரில் வைத்தால் திரும்பவும் இடமில்லை; குறுகிய வாயினால் நீரில் கலக்கும் காற்றும் குறைவு. உரோம் நகராட்சி 2005-இல் உருண்டைக் குடுவையில் பொன்மீன் வளர்ப்பதைத் தடை செய்தது. நம் நாட்டிலும் 2017-இல் மீன் தொட்டிக் கடைகளுக்கு விதிகள் வெளிவந்து, பின்னர்த் திரும்பப் பெறப்பட்டன. விதி வரும், போகும். மனச்சான்றை எவரும் திரும்பப் பெற இயலாது.

மீனுக்கு நோவு தெரியுமா என்று ஐயுறுவாரும் உளர். 2003-இல் லின் ஸ்னெடன் முதலிய ஆய்வாளர்கள் பிரித்தானியாவில் ட்ரௌட் மீன்களின் உதட்டில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்திப் பார்த்தனர். அம்மீன்கள் நெடுநேரம் இரை கொள்ளவில்லை; சில தம் உதட்டைத் தொட்டியின் கற்களில் தேய்த்தன. இதன் பொருள் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயினும் ஐயமுள்ள இடத்தில் வாயில்லா உயிரின் பக்கம் நிற்பதே நமக்கு முறை.

இனி, தொட்டிக்குள் நிகழ்வதை நோக்குவோம். மீனின் கழிவும் எஞ்சிய இரையும் அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். அது தீமை குறைந்தது. இந்நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அதற்குள் மீன்களை நிறைத்து விட்டால், தெளிந்த நீரிலேயே அவை மாண்டு மிதக்கும். நகராட்சிக் குழாய்நீரில் உள்ள குளோரின் மீனின் செவுளையும் அரிக்கும், இந்நுண்ணுயிர்களையும் கொல்லும். நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். குளோரமின் கலந்த நீராயின் அவ்வாறு நீங்காது, அதற்குரிய மருந்து இடல் வேண்டும்.

யான் நூற்பாலையில் உழைத்தவன். ஆலையைக் காண வருவோர் வெள்ளிக் கம்பிபோல் ஓடும் நூலைக் கண்டு வியந்து செல்வர். பஞ்சுத் தூசியை உள்ளே நின்று மூச்சுவிடுபவனே அறிவான். தொட்டியின் வெளியே நிற்பவனுக்கு நீர் பளிங்கு. உள்ளே இருப்பதற்கு அதுவே காற்றும் உலகமுமாம். ஆகவே வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுவதையும், வடிகட்டியைக் காப்பதையும் வெறும் வீட்டு வேலை என எண்ணற்க. பிறிதோர் உயிரின் மூச்சை நம் கையில் ஏற்றதனால் வந்த கடமை அது.

இரையிடுதலையும் கூற வேண்டும். குழந்தை ஒரு பிடி இரையைத் தூவும். மீன்கள் ஓடி வந்து கொத்தும். அக்காட்சியைக் காண மீண்டும் ஒரு பிடி தூவும். உண்ணாத இரை அடியில் அழுகி நீரை நஞ்சாக்கும். சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே போதும். ஈகையில்கூட நம் இன்பத்திற்காகக் கொடுப்பது ஒன்று, பெறுபவன் தேவைக்காகக் கொடுப்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டைப் பெருநூல்கள் கற்பிக்குமுன் ஒரு சிறு மீன் நம் குழந்தைகளுக்குக் கற்பித்துவிடும்.

அப்படியாயின், விடுதலை செய்வது நன்றன்றோ எனின், அதனையும் ஆராய்வோம். "தொட்டியின் பாசியைத் தின்று சுத்தம் செய்யும்" என்று கூறி, இருவிரல் நீளமுள்ள சக்கர் மீனைக் கடைகளில் விற்கின்றனர். தென் அமெரிக்க ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட அவ்வினம் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் இடம் போதாமல், கொல்ல மனமும் இல்லாமல், இரக்கமுடையோர் அதனைக் குளத்திலும் ஏரியிலும் விட்டனர். இன்று கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களிலும், ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளிலும் அது பரவியிருக்கின்றது. எலும்புத் தகடு போர்த்த அதன் உடலும் முள்ளும் வலையைக் கிழிக்கின்றன, கரையில் வளை தோண்டுகின்றது, சந்தையில் வாங்குவாரில்லை. 2023-இல் காசுமீரத்து டால் ஏரியிலும் அலிகேட்டர் கார் என்னும் வட அமெரிக்க மீன் பிடிபட்டது. தொட்டிக்கென விலைபோகும் இனங்களுள் அதுவும் ஒன்று.

அன்பர்களே, அங்கே கிழிந்தது யாருடைய வலை? அன்றாடம் மீன் பிடித்து அடுப்பேற்றும் ஏழையின் வலை. அழிந்தது எவற்றின் முட்டை? அந்த ஏரிக்கே உரிய சிறு மீன்களின் முட்டை. விட்டவர் கண்டது நீரில் துள்ளிச் சென்ற ஒரு வாலை மட்டுமே. அவர் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பிறர் தலையில் அது ஏறியது. விளைவை நோக்காத விடுதலை, அளவறியாது தூவிய இரையைப் போன்றதே.

வாணிகத்தைப் பற்றியும் ஒரு சொல். அங்குத்தர நிகாயம் இல்லறத்தார்க்கு விலக்கிய ஐந்து வாணிகங்களுள் உயிர் வாணிகமும் ஒன்று. பழைய பாலி உரை அதனை மனிதரை விற்றல் என்றே பொருள் கொள்ளும். ஆகவே சென்னைக் கொளத்தூரிலும் வங்கத்து ஹவுராப் பகுதியிலும் சிறு தொட்டிகளில் மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களைப் பாவிகள் என்று ஏசுதல் தகாது. ஆற்றில் பிடிக்கும் மீனைப் பற்றியும் ஒரே தீர்ப்புக் கூற இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் "மிஸ் கேரளா" மீன் தொட்டிக்கென அளவின்றிப் பிடிக்கப்பட்டு, இன்று அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் நிற்கின்றது. பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையிலோ, கார்டினல் டெட்ரா என்னும் சிறு மீனைப் பிடித்து விற்கும் பிழைப்பு இருப்பதனால் மக்கள் காட்டை அழியாது காக்க ஏதுவாகின்றது. வாங்குபவன் "இது எங்கே பிறந்தது?" என்று கேட்கத் தொடங்கினால், விற்பவனும் விடை தேடத் தொடங்குவான்.

எனவே, தொட்டி வைப்பதே பாவம் என்று யான் கூறேன். வைப்பது எளிது என்றும் கூறேன். கடையின் வாயிலில் நின்று நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இம்மீன் எவ்வளவு பெரிதாக வளரும்? எத்தனை ஆண்டு வாழும்? கூட்டமாய் வாழ்வதா, தனித்து வாழ்வதா? நான் ஊருக்குச் சென்றால் இதனைப் பார்ப்பவர் யார்? விடை கிடைத்தால் முதலில் தொட்டியை ஆயத்தம் செய்து, நாள் கழித்து மீனைக் கொணர்க. பேண முடியாத நிலை வந்தால் கடைக்காரரிடமோ வளர்ப்பார் ஒருவரிடமோ ஒப்படைக்க. ஏரியிலும் ஆற்றிலும் ஒருபோதும் விடற்க.

விடை கிடைக்காவிட்டால் வாங்காமல் திரும்பி வருக. வெறுங்கையோடு வந்தீர்களே என்று குழந்தை கேட்டால், காரணத்தை விளக்கிச் சொல்லுக. ஓர் உயிரைப் பற்றி அறிந்துகொள்ளாமல் அதனை வீட்டிற்குக் கொண்டுவரலாகாது என்பதை அக்குழந்தை அன்றே கற்றுக்கொள்ளும்.