நலவாழ்வு யார் பொறுப்பு?

நோயுற்றவரைக் கண்டு இரங்குவது மனித இயல்பு. எனினும் அவ்விரக்கத்தின் பின்னே ஒரு குற்றச்சாட்டும் மறைந்து நிற்கிறது. "அளவறிந்து உண்டாரா? புகையைக் கைவிட்டாரா? சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருந்தாரா?" என்று நம் மனம் கேட்டுவிடுகிறது. உடலைப் பேணுவது அவரவர் கடமை என்னும் கருத்து அத்துணை ஆழமாக நம்முள் வேரூன்றியுள்ளது. நகரத்தில் வாழ்பவர்மீது இத்தீர்ப்பை வழங்குவது அறமாகுமா என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டிய வினா.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். முன் உண்டது செரித்தபின் அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பது அவர் முடிவு. தன் வாயும் வயிறும் தன் ஆட்சியில் உள்ளவரை இவ்வறம் தனிமனிதனுக்கே உரியது. ஆனால், நகரவாசியின் மூச்சுக்காற்று யார் ஆட்சியில் உள்ளது? அவன் வாயிலில் தேங்கும் சாக்கடை யார் ஆட்சியில் உள்ளது?

சூரத் நகரின் வரலாறு இதற்கு விடை பகர்கிறது. 1994 செப்டம்பரில் அந்நகரைப் பிளேக் அச்சம் பற்றியது. சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். தனியார் மருத்துவர்கள் பலரும் அவர்களுள் அடக்கம். குப்பைக்கும் தேங்கிய நீருக்கும் மக்களின் பழக்கமே காரணம் என்று அன்று பலர் பழித்தனர். 1995இல் எஸ். ஆர். ராவ் மாநகராட்சி ஆணையராக வந்தார். அதிகாரிகள் நாள்தோறும் தெருவில் இறங்கினர். இரவிலும் தெருக்கள் பெருக்கப்பட்டன. சேரிகளில் கழிப்பிடங்கள் எழுந்தன. குப்பை கொட்டியவர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில், நாட்டின் தூய நகரங்களுள் ஒன்றென அவ்வூர் பெயர் பெற்றது. மக்களின் பிறவிக்குணம் ஓரிரு ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை. நல்ல பழக்கத்திற்கு வழி திறந்தது. மக்கள் அவ்வழியே நடந்தனர்.

அங்ஙனமாயின், எல்லாம் ஆட்சியின் பொறுப்பு என்று நாம் கைகழுவிவிடலாமா? அதுவும் பொருந்தாது. தில்லியின் பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1998இல் ஆணையிட்டது. 2002இன் இறுதிக்குள் அம்மாற்றம் நிறைவேறியது. தனிமனிதர் எவரும் தம் மனவுறுதியால் செய்திருக்க முடியாத செயல் அது. ஆயினும், சொந்த வண்டியில் செல்லும் நம் விருப்பத்தை அவ்வாணை தொடவில்லை. வண்டிகள் பெருகின. இன்றும் பனிக்காலத்தில் தலைநகரை மூடும் நச்சுப்புகைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம் வண்டியின் புகையும் ஒன்று. அதைச் சுவாசிப்பவரோ, நடைபாதையில் உறங்கும் தொழிலாளி.

எனவே, அவரவர்க்கு வாய்த்த வாய்ப்பின் அளவே அவரவர் கடமையின் அளவு எனக் கொள்வதே நேரிது. பூங்காவில் உலவவும், நல்ல நீர் பருகவும், விரும்பியதைத் தேர்ந்து உண்ணவும் வசதி பெற்றவர்க்குக் கடமை மிகுதி. அவ்வசதியில்லாதவரிடம் ஒழுக்கத்தை மட்டும் உபதேசிப்பது அறமன்று.

உணவின் அளவைத் தனிமனிதனிடமே விட்ட வள்ளுவர், நோய் வந்தபின் நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்பவன் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து எண்ணினார். நோய் தீர்வதற்கே நால்வகைத் துணை வேண்டுமெனில், நோய் வாராமல் காப்பதை ஒருவன் தோளில் மட்டும் ஏற்றலாமா? அண்டை வீட்டாரின் நோய்க்கு அவரைக் குறைகூறுமுன், நலமாக வாழ இந்நகரம் அவருக்கு வழிவிட்டதா, அவ்வழியை அடைத்தவர்களுள் நாமும் உண்டா என்று எண்ணிப் பார்ப்போமாக.