அச்சு மாறினும் வண்டி அதுவேயோ?

பொருளொன்றின் உறுப்புக்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்னரும் அது பழைய பொருளாகவே எஞ்சுகின்றதா என்னும் வினா, மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். தீசியசின் கப்பலில் உக்கிய பலகைகளை நீக்கிப் புதியவற்றைப் பொருத்தி அதென்சு மக்கள் அதனைப் பேணிவந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்பது பற்றி அறிஞர் இருவேறு பிரிவினராய் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் கூறுவர். 1655 இல் தொமஸ் ஹொப்ஸ் இவ்வினாவை மேலும் சிக்கலாக்கினார்: கழற்றிய பழம் பலகைகளைச் சேர்த்து மற்றொரு கப்பலைக் கட்டினால், இரண்டினுள் எது தீசியசின் கப்பல்? இலங்கைத் தேரவாத மரபு போற்றிக் காத்த 'மிலிந்த பஞ்ஹ' என்னும் பாளி நூலில், நாகசேன தேரர் மிலிந்த மன்னனிடம் அச்சுத்தான் தேரா, சக்கரந்தான் தேரா என வினவிச் செல்கின்றார். எவ்வுறுப்பும் தனித்துத் தேராகாது. உறுப்புக்கள் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பது அவ்வுரையாடல் காட்டும் முடிவாகும்.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'மசில் கார்' என வழங்கும் பழைய மோட்டார் வண்டியொன்றின் பின் அச்சு வளைந்துவிடும்போது, அது பழுதுபார்க்கும் பட்டறையிலேயே எழுகின்றது. நடுத்தர அளவான உடலில் பேராற்றல் வாய்ந்த எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திய இவ்வகை வண்டிகளுக்கு 1964 இன் பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. 1970களின் தொடக்கத்திற் காப்புறுதிக் கட்டணமும் புகை பற்றிய சட்டங்களும் 1973 இன் எண்ணெய் நெருக்கடியும் இவற்றின் முதற் காலத்தை முடித்துவைத்தன. எஞ்சியவை இன்று பெருவிலை பெறும் சேகரிப்புப் பொருள்களாகிவிட்டன.

இவ்வண்டிகளுட் பெரும்பாலானவற்றின் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே திண்ணிய அச்சு இணைக்கின்றது. நடுவில் பற்சக்கரக்கூடும், அதன் இருபுறமும் உருக்குக் குழாய்களும், குழாய்களினுள்ளே சுழலும் தண்டுகளும் உள. வண்டி பக்கவாட்டாக வீதிவிளிம்பில் மோதினாலோ, நின்ற நிலையிலிருந்து முழு வலுவுடன் பலமுறை பாய்ந்தாலோ குழாயோ தண்டோ வளையக்கூடும். அவ்வாறாயின் ரயர் ஒரு விளிம்பில் மாத்திரம் தேயும், எண்ணெய் கசியும், தாங்கிகள் விரைவிற் கெடும். வளைந்த குழாயைத் தேர்ந்த வினைஞர் நேர்கோல் இட்டுச் சூடேற்றி நிமிர்த்துதல் உண்டு. ஆயினும் கடினமாக்கப்பட்ட உருக்கினாலாய தண்டு வளைந்தால் அதனை நிமிர்த்துதல் ஏற்றதன்று. நிமிர்த்துகையில் கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புத் தோன்றி, ஓட்டத்தினிடையே தண்டு முறியலாம். சிலவகை அச்சுக்களில் தண்டு முறிந்தாற் சக்கரமே கழன்று வெளியேறும்.

ஆகவே மாற்றிவிடுவதே அறிவுடைமை எனத் தோன்றும். எனினும் உடைமையாளர் தயங்குவர். அக்காலத்து அச்சுக்குழாய்களிற் பற்சக்கர விகிதத்தையும் தயாரித்த நாளையும் குறிக்கும் அடையாளங்கள் பொறிக்கப்பட்டிருத்தல் உண்டு. எஞ்சின் முதல் அச்சு ஈறாக யாவும் தொழிற்சாலையிற் பூட்டியவாறே உள்ள வண்டிக்குச் சந்தையில் மதிப்பு மிகுதி. அச்சை நீக்கினால் வண்டியின் 'அசல்' தன்மை குன்றுமென அவர் அஞ்சுகின்றார். இவ்வச்சம் எத்துணை நியாயமானது?

தன்மை பொருளிலேயே தங்கியுள்ளதெனின், எந்த வண்டியும் ஓராண்டுகூடத் தானாக இருத்தல் இயலாது. ரயரும் எண்ணெயும் பிரேக்குக் கட்டைகளும் தேய்ந்து மாறிக்கொண்டேயிருக்கும். வடிவிலே தங்கியுள்ளதெனின், அவ்வடிவில் இன்று வார்க்கப்படும் போலியும் அசலாகிவிடும். எஞ்சுவது வரலாற்றுத் தொடர்ச்சி ஒன்றே. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ற்லி வண்டியொன்று பற்றிய வழக்கிற்கு 1990 இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் கண்ட தீர்ப்பும் இதனையே சார்ந்தது. வண்டியின் உறுப்புக்கள் பல காலந்தோறும் மாற்றப்பட்டிருந்தமையால், அது உண்மையான வண்டியன்றென வாங்குவோர் வாதித்தனர். பழைய பொருள்கள் அப்படியே எஞ்சியுள்ள வண்டியாக அதனைக் கொள்ள இயலாதெனினும், இடையறாத வரலாறுடைமையின் அதுவே அவ்வண்டி என நீதிபதி ஓட்டன் முடிவு செய்தார்.

இம்முடிவு ஹொப்சின் புதிருக்கும் ஓரளவு விடை தருகின்றது. கழற்றிய அச்சு வேறொரு வண்டியில் ஏறினால், பழைய வண்டியின் வரலாறு அதனுடன் இடம்பெயர்வதில்லை. வண்டியின் வாழ்க்கையில் 'இவ்வாண்டில் அச்சு மாற்றப்பட்டது' என்னும் நிகழ்ச்சியொன்று மேலதிகமாகச் சேர்கின்றது, அவ்வளவே.

இவ்விடத்தில் வினா அறவியலின் எல்லையுட் புகுகின்றது. தன்மை வரலாற்றிலே தங்கியுள்ளதாயின், வரலாற்றைப் பொய்யாக்குவதே தன்மையை அழிப்பதாகும். பழைய உலோகக் குவியலொன்றிலிருந்து அதே காலத்து அச்சைத் தேடிப் பூட்டுதல் தவறன்று. புதிய குழாயிற் பழைய நாளைப் பொறித்து, அது தொழிற்சாலையிற் பூட்டியதே எனக் கூறி விற்பது ஏமாற்று. ஓடிய மைல்களைக் காட்டும் கருவியைத் திருத்துவதை 1972 இல் அமெரிக்கச் சட்டம் தடைசெய்ததும் இந்நெறி பற்றியே. அங்குத் தண்டிக்கப்படுவது வண்டியின் தேய்மானமன்று. அதனை மறைக்கும் பொய்யே.

இதற்கு மாறாக, தொழிலாளர் கைப்பட்ட உறுப்பைப் பேணுவது பண்பாட்டுக் கடனன்றோ என ஒருவர் வினவலாம். அக்கூற்றில் உண்மையுண்டு. அரும்பொருட் சாலையில் அசையாது நிற்கும் வண்டி வளைந்த அச்சுடனே நிற்கட்டும். அவ்வளைவும் ஒரு சான்றே. ஆயின் வீதியிற் செல்லும் வண்டி உடைமையாளருக்கு மாத்திரம் உரியதன்று. எதிரே வருபவரும் ஓரமாய் நடந்து செல்லும் குழந்தையும் அதன் அச்சின் உறுதியை அறியாமலே நம்பியிருக்கின்றனர். சேகரிப்பாளரின் மதிப்பீட்டுக்காக அந்நம்பிக்கையைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை. அசல் தன்மை ஒரு விழுமியமே; ஆயினும் பிறர் உயிருக்கு முன்னே அது இரண்டாந்தரமானது.

எனவே வளைந்த அச்சு கழற்றப்படல் வேண்டும். மாற்றியமை ஏட்டிற் பதியப்படல் வேண்டும். கழற்றியதைப் பேண விரும்புவோர் அதனைத் தனியே வைத்து, விற்கும்போது வாங்குபவரிடம் ஒப்படைக்கலாம். வண்டி அதுவேயா எனக் கேட்பவருக்கு, நடந்ததை நடந்தவாறு கூறும் அவ்வேடே தக்க விடையாகும்.